ஸ்டோருக்குள் கட்டிய கடல்

எங்கள் தோட்டத்துக்குக் கடல் லொறியில் வந்தது. முதல் நாள் மணல் வந்து இறங்கியது. நல்ல வெள்ளை மணல், இடையிடையே கறுப்பாக ஏதோ மினுங்கியது. அடுத்த நாள் பலகையும் சீமெந்தும் தகரமும். அதற்கும் அடுத்த நாள் இவ்வளவுக்கும் சொந்தக்காரரான ஒரு மனிதர், கம்பளிக் குல்லாயைக் காது வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு லொறியின் முன்சீட்டிலிருந்து இறங்கி, "இஞ்சை எப்பவும் இப்பிடித்தான் குளிருமோ?" என்று கேட்டார்.

கேட்டது என்னிடம். நான் அப்போது படித்துவிட்டுச் சும்மா இருந்தேன். தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைக் கையால் தொட வெட்கம், கிளாக்கர் வேலைக்குக் கூப்பிடவோ ஆளில்லை. ஆகவே தினமும் காலையில் தலையை வாரிக்கொண்டு ரோட்டோரம் நிற்பேன். லொறி வந்து நின்றது நான் நின்ற இடத்தில். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த உத்தியோகங்கள் எல்லாமே திறமையால் வந்தவை அல்ல, நின்ற இடத்தால் வந்தவை.

"இல்லைங்க தொரை. இது வெயில் காலம்," என்றேன்.

அவர் குல்லாயை மேலே தள்ளி என்னைப் பார்த்தார். நான் நக்கலடிக்கிறேனா, உண்மையைச் சொல்கிறேனா என்று அவருக்குச் சந்தேகம். எனக்கும்தான். அன்று தொடங்கிய சந்தேகம் பிறகு தோட்டம் முழுவதும் பரவியது.

எழுபதுகளின் கடைசி அது. இலங்கை மலைநாட்டில் லிந்துலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டம். அரசாங்கம் தோட்டங்களை எடுத்த பிறகு எங்களையும் பக்கத்துத் தோட்டத்தையும் ஒன்றாக்கியதில் எங்கள் ஸ்டோரைப் பூட்டிவிட்டார்கள். தேயிலை அரைக்கிற தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோரு என்றுதான் சொல்வோம். மிஷின்களைக் கழற்றிக் கொண்டு போனார்கள். மிஞ்சியது ஒரு மோட்டார், மூலையில் மிஷின்களைக் காக்கிற ரோதமுனி சாமி, அப்புறம் என் மாமா.

மாமா அந்த ஸ்டோருக்கு வாச்சர். என் அம்மாவின் தம்பி. ஸ்டோரு ஓடின காலத்தில் தேயிலையைக் காவல் காத்தார். ஓடாத காலத்தில் காலிக் கட்டடத்தைக் காவல் காத்தார். "நம்ம காவல்ல இன்னைக்கு வரைக்கும் ஒரு குண்டூசி காணாம போனதில்ல," என்று பீற்றிக்கொள்வார். காணாமல் போவதற்கு உள்ளே ஒரு குண்டூசியும் இல்லை என்பதை நாங்கள் மரியாதைக்காகச் சொல்லாமல் விட்டோம். என்னை மாப்ள என்று கூப்பிடுவார். அதில் உறவுமுறை பாதி, தன் மகளைப் பற்றிய திட்டம் பாதி.

வந்தவர் யாழ்ப்பாணத்து இஞ்சினியர். கொழும்பில் ஏதோ திணைக்களம். தென்கரையில் ஓர் ஆறு கடலில் விழுகிற முகத்துவாரம் அடிக்கடி மண்ணடித்து மூடிக்கொள்கிறதாம், மீன்காரர்களின் வள்ளங்கள் உள்ளே வர முடியவில்லையாம். அந்த மண் எங்கிருந்து வருகிறது, எப்படி நகர்கிறது என்று பார்க்க, அந்தக் கரையைச் சின்னதாகச் செய்து ஆராயப் போகிறாராம். அதற்குக் காற்றுப் படாத பெரிய கூரை வேண்டும், சீமெந்துத் தரை வேண்டும், தண்ணீர் வேண்டும். அரசாங்கத்தின் கையில் சும்மா கிடந்த கட்டடங்களில் எங்கள் ஸ்டோருதான் அகப்பட்டது.

இதை அவர் என்னிடம் சொன்னார், நான் எங்கள் வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும் லயத்தில் வந்து சொன்னேன். ஒருவர்கூட நம்பவில்லை. கடலைப் படிக்கிறவன் கடற்கரையில் உட்கார்ந்து படிக்காமல் மேகத்துக்குள் ஏறி வருவானா?

"அதெல்லாம் இல்லடா," என்றார் பைப்படியில் பல் விளக்கிக்கொண்டிருந்த ஒரு கங்காணி. "நம்மள இந்தியாவுக்கு அனுப்புறானுங்கல்ல? அதுக்குக் கப்பல எந்தக் கரையில நிப்பாட்டுறதுன்னு பாக்குறானுங்க. மொதல்ல பொம்மைக் கடலு, அப்பறம் நெசக் கடலு."

அந்தக் காலத்தில் ஒவ்வொரு லயத்திலிருந்தும் யாராவது சாமான் கட்டிக்கொண்டு தலைமன்னாருக்கு ரயில் ஏறினார்கள். ஆகவே கங்காணி சொன்னது நான் சொன்னதைவிடப் பொருத்தமாக இருந்தது. எனக்கே கொஞ்சம் அப்படித்தான் தோன்றியது. இருந்தாலும் வேலை கிடைத்திருக்கிறதே, நம்பாமல் இருக்க முடியுமா?

அவருக்குக் கடல் தொரை என்று பெயர் வைத்தார்கள். பெரிய தொரை, சின்னத் தொரை, கடல் தொரை. அவர் காதில் விழுந்தபோது சிரித்தார். ஆனால் அதற்கும் ஏதாவது உள்ளர்த்தம் இருக்குமோ என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார்.

கொழுந்து அரைத்த தரையில் இடுப்பளவு சுவர் கட்டிப் பெரிய தொட்டி செய்தோம். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் ஆறு வந்து தேங்குகிற களப்பு, நடுவில் மணல் திட்டு, அதில் ஒரு சாண் அகலத்துக்கு முகத்துவாரம். கடல் முனையில் ஒரு நீளப் பலகை. பழைய மோட்டார் அதை முன்னும் பின்னும் தள்ளினால் அலை வரும். பக்கத்தில் ஏற்றி இறக்கும் ஒரு கதவு. அதை இறக்கினால் தண்ணீர் வெளியேறி வற்று, ஏற்றினால் நிரம்பிப் பெருக்கு. நிசக் கடல் அரை நாள் எடுத்துக்கொண்டு செய்வதை எங்கள் கடல் ஒரு பீடி குடிக்கிற நேரத்தில் செய்து முடித்துவிடும்.

ஆறும் வேண்டுமல்லவா? களப்பின் பின்பக்கம் நன்னீர் சிறிதாக வந்து விழ வேண்டும் என்றார். அதற்கு நான்தான் வழி சொன்னேன். எங்கள் தோட்டத்தில் யாருக்குத் தண்ணீர் வேண்டுமென்றாலும் லயத்துக்குப் போகும் குழாயில் ஒரு கிளை பிரித்துக் கொடுப்பதுதான் வழக்கம். கோயிலுக்கு அப்படித்தான், வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விடுகிற பிள்ளைக் காம்பராவுக்கு அப்படித்தான், கிளாக்கர் வீட்டு ரோசாச் செடிக்கும் அப்படித்தான். மேலே மலையில் தொட்டி, அதிலிருந்து இறங்கும் பழைய இரும்புக் குழாய், ஸ்டோரைத் தொட்டுக்கொண்டு கீழே லயத்துக்குப் போகும். அதில் ஒரு கிளை எடுத்தோம். விழுகிற தண்ணீர் சலசலத்து மண்ணைக் கலைக்கக் கூடாது என்று குழாயின் வாயைக் களப்புத் தண்ணீருக்கு அடியிலேயே முக்கி வைத்தோம். இஞ்சினியர் தட்டிக்கொடுத்து, "நல்ல ஐடியா தம்பி," என்றார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அப்போது நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

மோட்டாரைப் போடுகிற அன்றைக்கு மாமா குறுக்கே வந்து நின்றார்.

"தொரை, ரோதமுனிக்குச் சூடம் காட்டாம இந்த ஸ்டோர்ல ஒரு சக்கரமும் சுத்துனதில்லைங்க."

"இது தேயிலை மிஷின் இல்லை ஐயா. அலை மிஷின்."

"சக்கரம் சுத்துதுல்லங்க?"

இஞ்சினியர் ஒதுங்கி வழிவிட்டார். தேங்காய் உடைத்துச் சூடம் காட்டி மோட்டாரைப் போட்டதும் பலகை அசைந்தது. முதல் அலை தரையெல்லாம் வழிந்து என் ஒரே சப்பாத்தை நனைத்தது. அடுத்தடுத்து வந்தவை ஒழுங்காக வந்தன. கரையில் சரிவாக மோதிய ஒவ்வொரு அலையும் மணலைக் கொஞ்சம் மேலே தள்ளி, திரும்பும்போது கொஞ்சம் பக்கமாக இறக்கிவிட்டது. அப்படியே தள்ளித் தள்ளி மணல் முழுதும் ஒரே பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. கடலே பார்க்காத நான் வாயைப் பிளந்து நின்றேன். மாமா மட்டும் அசையவில்லை. மணல் போகிற திசையை உற்றுப் பார்த்துவிட்டு, "அங்கிட்டு எங்க போகுது?" என்று கேட்டார், ஏதோ ஆள் தப்பிப் போகிற மாதிரி.

கொஞ்ச நாள் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. பகல் முழுவதும் அலை விடுவோம். மாலையில் நிறுத்தி, நூல் கட்டி, மணல் எங்கெங்கே எவ்வளவு உயரம் என்று அளந்துவிட்டு, மாமாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவோம்.

பிறகு ஒரு நாள் காலையில் இஞ்சினியர் தொட்டிக்கு முன்னால் குந்திக்கொண்டிருந்தார்.

"தம்பி, இதை ஆர் தொட்டது?"

பார்த்தேன். முகத்துவாரத்துக்கு வெளியே நேற்று நாங்கள் அளந்துவிட்டுப் போன மண் குறைந்திருந்தது. களப்புக்கு உள்ளே, நேற்று ஒன்றுமே இல்லாத இடத்தில், மணல் ஒரு நாக்கை நீட்டிக்கொண்டு கிடந்தது.

"யாரும் தொடலைங்க தொரை."

"ஒருத்தரும் தொடேல்லையெண்டால் மண் தானா எழும்பி நடந்ததோ? மோட்டர் நிண்டிட்டுது. அலை இல்லை. கதவு பூட்டி. கூட்டிக் கழிச்சுப் பாத்தால் மண்ணும் குறையுது."

அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். மாலையில் சரிசெய்து வைப்போம், காலையில் நாக்கு. அளந்து பார்த்தால் மொத்த மணலிலும் ஒரு பிடி, இரண்டு பிடி குறையும். கடலோரத்திலிருந்து இவ்வளவு தூரம் சுமந்து வந்த வெள்ளை மணல் அது. கொத்து வேலைக்கு நல்லது, சட்டி தேய்க்க நல்லது. இராத்திரி முழுவதும் சாவி ஒருவரிடம்தான்.

இஞ்சினியர் தோட்டத்தை நடத்துகிற பெரிய தொரையிடம் போய் மணல் களவு போகிறதென்று சொல்லிவிட்டார். கிளாக்கர் என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஒங்க மாமன்கிட்ட சொல்லி வைய்யி," என்றார். "தொரை கடுப்புல இருக்காரு. இன்னொரு தடவ கம்ப்ளைன் வந்துச்சுன்னா பத்துச்சீட்டுதான்."

பத்துச்சீட்டு என்றால் தோட்டத்திலிருந்து பேர் வெட்டி அனுப்புகிற சீட்டு. வேலை போகும், அத்தோடு லயத்துக் காம்பராவும் போகும். அதுவும் திருட்டுக் குற்றத்தில் போனால் வேறு தோட்டத்திலும் பேர் பதிய மாட்டார்கள். மாமாவுக்கு எந்த நாட்டிலும் பிரஜாவுரிமை இல்லை. இருந்த ஒரே உரிமை அந்தக் காம்பராவில் படுத்துத் தூங்குவதுதான்.

அன்று மாலை இஞ்சினியர் என்னைத் தேயிலை வாட்டுகிற மேல்மாடிக்குக் கூட்டிப் போனார். "உம்மில எனக்கு நம்பிக்கை இருக்குது," என்றார். அவர் முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. "விடியக் காலமை வந்து இதிலை படுத்திரும். பலகை இடுக்குக்குள்ளாலை பாத்தால் கடல் முழுக்கத் தெரியும். அந்த வாச்சர் என்ன செய்யிறார் எண்டு எனக்குச் சொல்லும்."

அந்த வாச்சர் என் மாமா என்று அவருக்குத் தெரியாது. சொன்னால் என்னையும் சேர்த்துச் சந்தேகப்படுவார். சொல்லாவிட்டால் நானே என்னைச் சந்தேகப்பட வேண்டும். தலையை ஒரு மாதிரி ஆட்டினேன். ஆம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம், கழுத்து வலி என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

மறுநாள் பெரட்டுக்கு முன்னால், அதாவது ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற நேரத்துக்கு முன்னால், பின்பக்க ஏணியால் ஏறி மாடியில் குப்புறப் படுத்தேன். துப்பறிகிற வேலைக்கு முதல் தகுதி தும்மாமல் இருப்பது. பல வருஷத் தேயிலைத் தூசி அங்கே எனக்காகக் காத்திருந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு இடுக்கில் கண்ணை வைத்தேன்.

மாமா வந்தார். ரோதமுனியைக் கும்பிட்டார். தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். நின்றார். அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்தார். பிறகு சால்வையை ஒதுக்கிக்கொண்டு குனிந்து கடலுக்குள் கையை விட்டார். எதையோ எடுத்தார். மறுபடி கையை விட்டார், மறுபடி எடுத்தார். வாசல் பக்கம் போய் அதை உதறினார்.

திருடுகிறவர் எதற்கு உதறுகிறார் என்று யோசிக்கத் தொடங்கினேன். யோசித்துக்கொண்டே தூங்கியும் போனேன். எழுந்தபோது பெரட்டு முடிந்து வெயில் வந்துவிட்டது. கீழே மணல் நாக்கு பளிச்சென்று நீண்டு கிடந்தது, என்னைப் பழித்துக் காட்டுகிற மாதிரி.

நேரே மாமா வீட்டுக்குப் போனேன். முதல் லயத்தில் முதல் காம்பரா. அத்தை பாலில்லாத பிளேன்டீ கொடுத்தாள். குடித்துவிட்டுத் தண்ணீர் கேட்டேன். குடத்தைச் சாய்த்து ஊற்றியபோது அடியில் ஏதோ சரசரத்தது. எட்டிப் பார்த்தேன். குடத்தின் அடியில் வெள்ளை மணல். இடையிடையே கறுப்பாக மினுங்கியது.

"என்னா அத்த இது, மணலு?"

"நல்லாக் கேட்ட போ! இப்பல்லாம் பைப்புல இப்பிடித்தான் வருது. வடிச்சுத்தான் குடிக்கிறோம்."

பைப்பில் கடல் மணல் வருகிறதாம்! இதைவிட நல்ல பொய்யை அத்தை யோசித்திருக்கலாம் என்று எனக்குப் பட்டது. குடத்து மணலைப் பார்த்தேன், அத்தையைப் பார்த்தேன், அடுப்படியில் முதுகைக் காட்டி நின்ற அவள் மகளைப் பார்த்தேன். என்ன ஒரு திருட்டுக் குடும்பத்தில் மாப்பிள்ளையாகப் போகிறோம் என்று மனம் சோர்ந்து போனது. மாமா வந்து, "என்னா மாப்ள, மூஞ்சி தொங்கிப் போயிருக்கு?" என்றார். அவர் கைகளையே பார்த்தேன். நகக்கண்ணில் மணல் இருக்கிறதா? இருக்கிற மாதிரியும் இருந்தது, தோட்டத்து மண் மாதிரியும் இருந்தது.

இஞ்சினியரிடம் என்ன சொல்வது? கண்டதைச் சொன்னால் மாமாவுக்குப் பத்துச்சீட்டு. எனவே அன்று அவர் வாயைத் திறக்குமுன்னே நான் வேறு பேச்சை எடுத்தேன். இரண்டு மூன்று நாளாக அவருக்கு இன்னொரு கவலை இருந்தது. கடலைச் சின்னதாக்கலாம், அலையைச் சின்னதாக்கலாம், மணலை அதே அளவுக்குச் சின்னதாக்க முடியாது. அப்படி அரைத்தால் அது களிமண் மாதிரி ஒட்டிக்கொள்ளும். அதனால் எங்கள் குட்டி அலைகளுக்கு இந்த மணல் கொஞ்சம் பாரம். மணலைவிட லேசான ஏதாவது தூளைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"தேயிலத் தூளு போடலாங்களே தொரை," என்றேன். "மூலையில கழிச்சுப் போட்டது மூட்ட மூட்டயாக் கெடக்கு."

பகிடிக்குத்தான் சொன்னேன். அந்த மனிதர் எழுந்து நின்றுவிட்டார். "ஊறினால் தாழும். ஆனாப் பாரமில்லை. ம்... போட்டுத்தான் பாப்பமே!"

ஒரு மூட்டையை அவிழ்த்துக் கொட்டினோம். கொஞ்சம் மிதந்தது, கொஞ்சம் தாழ்ந்தது, மிச்சம் சாயம் விட்டது. மாலைக்குள் எங்கள் கடல் முழுக்கப் பிளேன்டீ ஆகிவிட்டது. சீனி மட்டும்தான் குறை. இரவு ஊறித் தாழட்டும் என்று விட்டுவிட்டுப் போனோம். உலகத்தில் முதல் முதல் கடலுக்குத் தேயிலை போட்டவன் என்ற பெருமையோடு நான் படுத்தேன்.

விடியும்போது லயத்தில் பெரிய கூச்சல். எழுந்து ஓடினேன். பைப்படியில் பெண்கள் குடங்களைக் கவிழ்த்துவிட்டு நின்றார்கள். குழாயிலிருந்து சிவப்பாகத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

"மருந்து கலந்துட்டானுங்க!"

"நான் அப்பவே சொன்னேன்ல, இந்தக் கடலு கிடலெல்லாம் சும்மான்னு! புள்ள பெறாம இருக்கிறதுக்கு மருந்து. நம்ம சனத்தக் கொறைக்கப் பாக்குறானுங்க!"

"மொதல்ல மணல விட்டுப் பாத்தான். இப்ப மருந்து!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மணல் அத்தை வீட்டுக் குடத்தில் மட்டும் இல்லை. எல்லார் குடத்திலும் இருந்திருக்கிறது. அத்தை சொன்னது பொய்யே இல்லை.

பெரட்டுக்குப் போக வேண்டிய கூட்டம் ஸ்டோருக்குப் போனது. குடமும் வாளியுமாகப் பெண்கள் முன்னால், கங்காணி நடுவில், நான் எல்லாருக்கும் பின்னால். தேயிலை போடச் சொன்னது நான்தான் என்பது இன்னும் யாருக்கும் தெரியாது. தெரியாத வரைக்கும் பின்னால் நிற்பதுதான் நல்லது. வாசலில் மாமா இரண்டு கையையும் விரித்து நின்றார்.

"உள்ள யாரும் போகக் கூடாது! இது நம்ம காவல்!"

"யோவ், ஒன்னத்தான்யா தேடி வந்தோம்! ராத்திரி பூரா சாவி ஒன்கிட்டத்தான இருந்துச்சு? என்னாத்தக் கலக்குன?"

மேலே பங்களாவில் இருந்தவர்களுக்கு மாமா மணல் திருடர். கீழே லயத்தில் இருந்தவர்களுக்கு மாமா விஷம் வைத்தவர். ஒரே சாவிக்கு இரண்டு குற்றம். அந்த நேரம் பார்த்து இஞ்சினியர் குல்லாயோடு இறங்கி வந்தார். பெரிய தொரையின் ஜீப்பும் பின்னால் வந்து நின்றது.

ஒரு பெண் வாளியை இஞ்சினியரின் மூக்குக்கு நேரே நீட்டினாள். "இதக் குடிங்க பாப்போம்! நல்ல மருந்துன்னா நீங்க குடிங்க!"

அவர் வாளியைப் பார்த்தார். விரலை விட்டார். மணந்து பார்த்தார். பிறகு, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு கை அள்ளிக் குடித்தார். கூட்டம் ஓரடி பின்வாங்கியது.

"தேத்தண்ணி," என்றார். குரலில் கோபம் இல்லை. "என்ரை கடலிலை போட்ட தேத்தண்ணி. இது எப்பிடி உங்கடை பைப்புக்கு வந்தது?"

அவர் உள்ளே ஓடினார். நானும் ஓடினேன், மாமாவும் சாவியைப் பிடித்துக்கொண்டு ஓடினார். இஞ்சினியர் களப்பின் ஓரத்தில் முழங்காலில் நின்று குழாயின் வாயைப் பார்த்தார். ஆறு வந்து விழ வேண்டிய அந்தக் குழாய் களப்புத் தண்ணீரைத் திருப்பி உறிஞ்சிக்கொண்டிருந்தது. மிதந்த தேயிலைத் தூள் வரிசையாக அதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் முகத்துவாரத்தில் கடல் தண்ணீர் களப்புக்குள் வேகமாக ஓடி வந்தது, மணலையும் இழுத்துக்கொண்டு. எங்கள் கண் முன்னாலேயே நாக்கு நீண்டது.

"கீழை இப்ப பைப் எல்லாம் திறந்தோ கிடக்கு?"

"பெரட்டுக்கு முன்னாடி எல்லாப் பைப்பும் தொறந்துதாங்க இருக்கும்," என்றேன். "லயம் பூரா ஒரே நேரத்துல தண்ணி பிடிக்கும்."

பழைய குழாய் மேலே துருப்பிடித்துப் பாதி அடைத்திருந்தது. லயத்தில் எல்லாக் குழாயையும் ஒன்றாகத் திறந்தால் மேல் தொட்டியால் அவ்வளவு தண்ணீர் கொடுக்க முடியவில்லை. மிச்சத்தை நான் பிரித்துக் கொடுத்த கிளை வழியாக எங்கள் கடலிலிருந்து இழுத்துக்கொண்டது. பெரட்டுச் சங்கு ஊதிக் குழாய்களை மூடியதும் ஆறு பழையபடி ஓடத் தொடங்கிக் களப்பை நிரப்பிவிடும். இஞ்சினியர் சாப்பிட்டுவிட்டு வரும்போது தண்ணீர் எல்லாம் சரியாக இருக்கும், மணல் மட்டும் இடம் மாறியிருக்கும், ஒரு பிடி லயத்துக் குடங்களுக்கும் போயிருக்கும்.

"வத்துப்பெருக்கு!" என்றார் அவர். முகம் முழுக்கச் சிரிப்பு. "அலை இல்லாமல், காத்து இல்லாமல், வத்துப்பெருக்கு மட்டும் மண்ணை உள்ளுக்குக் கொண்டுபோகுது. தம்பி, உங்கடை லயம்தான் எனக்குச் சந்திரன்!"

பெரிய தொரைக்கு அது விளங்கவில்லை. அவருக்கு விளங்கியது ஒன்றுதான்: வாச்சர் திருடவில்லை. வாசலில் வைத்து எல்லார் காதிலும் விழும்படி அதைச் சொன்னார். பத்துச்சீட்டுப் பேச்சு அத்தோடு போனது. கிளைக் குழாயை அன்றைக்கே வெட்டி, ஆற்றுக்குத் தனியாக ஒரு பீப்பாய் வைத்தார்கள்.

நான் மாமாவைத் தனியாகப் பிடித்தேன். "அன்னைக்கி விடியக்காலைல கடலுக்குள்ள கைய விட்டு என்னா மாமா எடுத்தீங்க?"

"நீ எங்கிருந்து பாத்த?"

"சும்மா சொல்லுங்க."

"பூச்சிடா. லைட்டுக்கு வர்ற விட்டில் பூச்சியெல்லாம் தண்ணில விழுந்து கெடக்கும். தொரை வந்து பாத்தா அதுக்கும் நம்மளத்தான கேப்பாரு?" பிறகு கண்ணைச் சுருக்கி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்போ மேல் மாடில தும்முனது நீதானா? நான் பேயின்னு நெனச்சு ரோதமுனிக்கு ஒரு சேவல நேந்துக்கிட்டேன். அந்தச் சேவலுக்குக் காசு நீதான் குடுக்கணும்."

எல்லாம் தெளிந்துவிட்டது என்று நீங்கள் நினைத்தால் எங்கள் தோட்டத்தை உங்களுக்குத் தெரியாது. இஞ்சினியர் மட்டும்தான் முழுக்கத் தெளிந்தவர். லயத்தில் அதற்குப் பிறகும் நெடுநாள் துணி கட்டி வடித்துத்தான் குடித்தார்கள். தேத்தண்ணி என்று சொல்லி அவர் குடித்துக் காட்டியது நடிப்பு என்றும், முன்னாலேயே மாற்று மருந்து சாப்பிட்டிருப்பார் என்றும் கங்காணி சொன்னார். மாமாவும் நம்பவில்லை. "ஊர் சனம் தண்ணி பிடிச்சா கடல் மணல் நடக்குமா மாப்ள? அவரு நம்மள டெஸ்ட் பண்ணியிருக்காரு. திருடுறமா இல்லையான்னு." அந்தப் பரீட்சையில் பாஸ் பண்ணியதில் அவருக்குப் பெருமையும் இருந்தது, கோபமும் இருந்தது. வற்றுப்பெருக்குக் கதவை ஏற்றி இறக்குகிற வேலையை இஞ்சினியர் அவரிடமே கொடுத்தார். அதையும் சந்தேகத்தோடுதான் வாங்கிக்கொண்டார்.

வேலை முடிகிற காலத்தில், ஸ்டோரில் கண்டதை நிசக் கரையோடு ஒப்பிட்டுப் பார்க்க இஞ்சினியர் தென்கரைக்குப் போனார். கோலும் கயிறும் தூக்க மாமாவையும் என்னையும் கூட்டிப் போனார். அன்றைக்குத்தான் நாங்கள் இரண்டு பேரும் கடலைப் பார்த்தோம்.

எங்கள் முகத்துவாரம் அப்படியே அங்கே கிடந்தது, அதே வளைவு, அதே திட்டு. உள்ளே நீண்ட அதே மணல் நாக்கில் ஒரு நாய் படுத்திருந்தது. யார் பைப்பைத் திறந்தார்கள் என்று ஒரு கணம் சுற்றிப் பார்த்தேன், சத்தியமாக.

மாமா கடலைப் பார்க்கவில்லை. கரையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தார்.

"இவ்வளவு மணலு கெடக்கே," என்றார். "வாச்சர் யாரும் இல்லையா?"

"இல்லை ஐயா," என்றார் இஞ்சினியர். "இதை ஆரும் காவல் காக்கேலாது. அது பாட்டுக்கு வரும், அது பாட்டுக்குப் போகும்."

"காணாம போனா யார்கிட்டங்க கேப்பீங்க?"

இஞ்சினியர் கோலை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார்.

மாலையில் லொறியில் ஏறுகிற நேரம் மாமாவைக் காணோம். இறங்கித் தேடினேன். ரோட்டோரத்துக் கல்லில் உட்கார்ந்து சால்வையின் முனையால் காலைத் துடைத்துக்கொண்டிருந்தார். விரல் இடுக்கு ஒவ்வொன்றாகப் பிரித்து, நகக்கண்ணைத் தட்டி, வேட்டி மடிப்பை உதறி, ஒட்டியிருந்த கடைசி மணலையும் கரைப் பக்கமாகத் தள்ளிவிட்டார். பிறகு எழுந்து வந்து இரண்டு உள்ளங்கையையும் விரித்து முதலில் இஞ்சினியரிடமும் பிறகு என்னிடமும் காட்டிவிட்டுத்தான் லொறியில் ஏறினார்.